பாலைவனத்தில் ஒரு பங்களா

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தி மயங்கும் நேரம். பின்னணியில் மலைத் தொடர் ஒன்று கருநீலமாகப் படுத்துக் கிடக்கிறது. முன்னால் கண்ணாடிப் பெட்டி போல ஒரு வீடு. உள்ளே எரியும் விளக்குகளின் வெளிச்சம் அப்படியே வெளியே வழிகிறது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஓர் அம்மாள் சாவகாசமாகச் சாய்ந்து படுத்திருக்கிறாள். 'ஆகா, கொடுத்து வைத்தவள்!' என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும்.

1947-ம் வருஷம் ஜூலியஸ் ஷுல்மன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அந்த அம்மாள் வீட்டுக்கு எஜமானியான லிலியன் காப்மன். அவர் அங்கே படுத்திருந்தது காற்று வாங்குவதற்காக அல்ல. குளத்துக்குள் எரிந்த விளக்கு காமிராவின் கண்ணைக் கூச வைத்தது. அதை மறைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது! ஒரே படத்துக்காக லென்சைப் பல தடவை திறந்து மூடினார் ஷுல்மன். அத்தனை நேரமும் அந்த அம்மாள் அசையாமல் கிடக்க வேண்டியதாயிற்று. சொகுசுக்குப் பின்னால் எப்போதும் யாராவது ஒருவர் இப்படிக் கொஞ்சம் சிரமப்பட்டுக் கொண்டுதான் இருக்கிறார், இல்லையா?

வீடு இருப்பது பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் நூறு மைலில் உள்ள பாலைவன ஊர். வருஷம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து அங்குலம் மழை பெய்தால் அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் பணக்காரர்கள் போய் ஏன் வீடு கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள், கட்டிய பிறகு என்ன பாடு பட்டார்கள் என்பதைத்தான் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

காப்மன் என்பவர் பிட்ஸ்பர்க் நகரத்தில் பெரிய ஜவுளி, பலசரக்கு, பாத்திரம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைக்குச் சொந்தக்காரர். வீடு கட்டுவதில் அவருக்கு ஒரு பித்து. அதற்கு முன்பே, பிராங்க் லாயிட் ரைட் என்ற மேதையைக் கொண்டு ஓர் அருவியின் மேலேயே வீடு கட்டிக் கொண்டவர் அவர். பாலைவனத்து வீட்டுக்கு ரைட்டைக் கூப்பிடாமல், வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய ரிச்சர்ட் நியூட்ராவைக் கூப்பிட்டார்.

நியூட்ரா போட்ட திட்டம் வேடிக்கையானது. குழந்தைகள் ஓலையில் காற்றாடி செய்வார்களே, அதைத் தரையில் வைத்தது போல, நடுவிலிருந்து நான்கு பக்கமும் நான்கு சிறகுகள். எந்த அறையில் இருந்தாலும் வெளியே ஒரு முற்றம். அந்த முற்றத்துக்கு இன்னொரு சிறகே காற்றுத் தடுப்பு. மணற்காற்று வீசினால் மூடிக் கொள்ளவும், தென்றல் வந்தால் திறந்து விடவும் செங்குத்தான அலுமினியத் தகடுகள். குளிர்கால இரவில் பாதம் சில்லிடாமல் இருக்கத் தரைக்கு அடியிலேயே வெந்நீர்க் குழாய்கள். மாடி கட்ட ஊர் விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் மொட்டை மாடியில் பக்கச் சுவர் இல்லாமல், கூரையும் கணப்பு அடுப்பும் மட்டும் வைத்து ஒரு 'மாடி அறை'யை உண்டாக்கிவிட்டார் மனிதர். சுவர் இல்லாததை மாடி என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்?

கண்ணாடி என்றால் சாதாரணக் கண்ணாடி அல்ல. தரையிலிருந்து கூரை வரை. தள்ளினால் சுவரே நகர்ந்து போய், உள்ளே எது, வெளியே எது என்று தெரியாமல் போகும். இதைப் படித்த உடனே எனக்கு எழுந்த கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும்: புழுதிக் காற்று வீசும் ஊரில் இத்தனை கண்ணாடியையும் தினம் யார் துடைப்பது? கட்டடக் கலைப் புத்தகங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இன்னொரு விஷயத்தையும் அவை அழுத்திச் சொல்வதில்லை. காப்மன் தம்பதிகள் அந்த வீட்டுக்கு வந்தது குளிர்காலத்தில் மட்டும்தான். பிட்ஸ்பர்க்கின் பனியிலிருந்து தப்பிக்க வந்தார்கள். நம் ஊர்த் தனவந்தர்கள் கோடையில் ஊட்டிக்குப் போனார்களே, அதற்கு நேர் தலைகீழ்! பாலைவனத்தில் டிசம்பரும் ஜனவரியும் சொர்க்கம். பகலில் இதமான வெயில், இரவில் நட்சத்திரம். வெயில் ஏறத் தொடங்கினால் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பிவிட வேண்டியது. உலகம் முழுவதும் பார்த்துப் பெருமூச்சு விட்ட கண்ணாடி மாளிகை, ஜூலை மாதத்தில் குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டதே அல்ல. இதை மறந்துவிட்டு அதைப் பார்த்து வீடு கட்டியவர்கள் பின்னால் பட்டது பெரும்பாடு.

அதே ஊரில் வருஷம் முழுவதும் வாழ்ந்து காட்டிய ஒருவர் இருந்தார். பெயர் ஆல்பர்ட் பிரே. சுவிட்சர்லாந்துக்காரர், பாரிஸில் லெ கார்பூசியரிடம் வேலை பார்த்தவர். நம் சண்டிகர் நகரத்தை வகுத்தாரே, அதே கார்பூசியர்தான். பிரே 1930-களில் பாம் ஸ்பிரிங்ஸுக்கு வந்தார். 1964-ல் மலைச் சரிவில், ஊருக்கு மேலே தமக்கென்று ஒரு வீடு கட்டிக் கொண்டார். அளவு என்ன தெரியுமா? சுமார் 800 சதுர அடி. சென்னையில் இரண்டு படுக்கையறைப் பிளாட்டே இதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஆனால் அந்த 800 சதுர அடிக்கு அவர் எடுத்துக் கொண்ட பிரயாசை அபாரம். இடம் பார்க்க வருஷக் கணக்கில் அலைந்தார். இடம் கிடைத்த பிறகு, ஒரு கம்பத்தை நட்டு வைத்துக் கொண்டு, எந்த மாதம் சூரியன் எங்கே வருகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு வருஷம் குறித்துக் கொண்டே இருந்தார். மனையில் ஒரு பெரும் பாறை இருந்தது. மற்றவர்களாக இருந்தால் வெடி வைத்திருப்பார்கள். பிரே அதை அப்படியே விட்டு, கண்ணாடிச் சுவரைப் பாறையின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வெட்டிப் பொருத்தினார். பாதிப் பாறை வீட்டுக்கு வெளியே, பாதி உள்ளே! படுக்கும் இடத்துக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே அதுதான் தடுப்பு. வசந்த காலத்தில் அந்த மலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு காட்டுப் பூ பூக்கும். அந்த மஞ்சளிலேயே திரைச்சீலை. ஆகாயத்துக்குத் தக்கபடி கூரையின் உட்புறம் நீலம். 1998-ல், தொண்ணூறு வயது தாண்டிக் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார். வீட்டை ஊர்க் கலைக் காட்சிசாலைக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பாறையை வீட்டுக்குள் வைப்பது பிறகு ஒரு மோஸ்தராகிவிட்டது. 1968-ல் ஜான் லாட்னர் என்பவர் கட்டிய எல்ராட் மாளிகையில், கான்கிரீட் குடை போன்ற பிரம்மாண்டமான கூரைக்குக் கீழே ஒன்றல்ல, பல பாறைகள். ஜேம்ஸ் பாண்ட் படம் பார்ப்பவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். 1971-ல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் பார் எவர்' படத்தில் இரண்டு பெண்கள் பாண்டைப் புரட்டி எடுக்கும் வீடு அதுதான். பார்க்கப் பிரமாதம். எனக்கு மட்டும் சொந்தமாக ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிரேயின் சின்ன வீட்டைத்தான் கேட்பேன்.

வெயிலின் கணக்கு

வீட்டில் எந்த அறை மாலையில் அடுப்பாகக் கொதிக்கும் என்று கேட்டால் எந்த இல்லத்தரசியும் யோசிக்காமல் பதில் சொல்வாள்: மேற்குப் பார்த்த அறை. பாலைவனத்து நிபுணர்களின் முதல் பாடமும் அதுதான். கோடையில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கிறது. தெற்குச் சுவருக்கு மேல் கூரையை இரண்டு மூன்று அடி நீட்டிவிட்டால் போதும், வெயில் உள்ளே வராது. குளிர்காலத்தில் அதே சூரியன் தாழ்ந்து வருவதால், நீட்டிய கூரைக்கு அடியில் நுழைந்து அறையைக் கதகதப்பாக்கும். ஆனால் மாலைச் சூரியன் படுத்துக் கொண்டு வருகிறான். அவனை எந்தத் தாழ்வாரமும் தடுக்காது. ஆகவே வீட்டைக் கிழக்கு மேற்காக நீளமாகப் போட்டு, மேற்குப் பக்கத்தை அநேகமாகக் குருட்டுச் சுவராக விட்டுவிடுகிறார்கள். குளியலறை, சாமான் அறை, மோட்டார் கொட்டகை எல்லாம் அந்தப் பக்கம்.

இரண்டாவது பாடத்தை அந்த மண்ணின் பூர்வகுடிகளும் மெக்சிகோக்காரர்களும் சொல்லிக் கொடுத்தார்கள்: கனமான மண் சுவர். ஓரடிக்கு மேல் கனமுள்ள சுவரின் வெளிப்புறத்தில் காலையில் ஏறிய வெயில், மெல்ல மெல்ல ஊடுருவி உள்பக்கத்துக்கு வந்து சேர ஏறத்தாழ எட்டுப் பத்து மணி நேரம் ஆகும். அதற்குள் ராத்திரி வந்துவிடும். பாலைவனத்து ராத்திரி குளிர்ந்தது. ஜன்னல்களைத் திறந்து விட்டால் சுவர் சூட்டைக் கக்கிவிட்டு மறுநாளைக்குத் தயாராகிவிடும். அரிசோனா மாகாணத்து டூசான் நகரில் ரிக் ஜாய் என்ற கட்டடக் கலைஞர் 1990-களில் இந்தப் பழைய பாடத்தையே எடுத்துக் கொண்டு, மண்ணோடு கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, பலகைகளுக்கு நடுவே அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, புது மோஸ்தர் வீடுகள் கட்டினார். அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். வர்ணம் பூச வேண்டாம்.

சுவரின் வித்தை எல்லாம் ராத்திரி குளிரும் வரைக்கும்தான். அங்கேதான் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. 2023 ஜூலையில் பீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாத வெயில். செல்சியஸ் கணக்கில் 43-க்கு மேல். அதைவிட மோசம், தொடர்ந்து 16 நாட்கள் விடியற்காலையில் கூட 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. நகரம் பெருகப் பெருக, தாரும் சிமெண்டும் பகல் சூட்டை வாங்கி வைத்துக் கொண்டு இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. பாம் ஸ்பிரிங்ஸிலோ 2024 ஜூலை 5-ந் தேதி 124 டிகிரி! அந்த ஊர் அதுவரை கண்டிராத வெயில். குளிர்சாதன யந்திரம் நின்று போனால் அங்கே கோடீசுவரர் வீடும் குடிசையும் ஒன்றுதான்.

யந்திரத்துக்கு முந்திய காலத்தில், ஈரத் தட்டி வழியாகக் காற்றை இழுக்கும் 'கூலர்'தான் அங்கே வீட்டுக்கு வீடு ஓடிற்று. நம் வெட்டிவேர்த் தட்டியின் யந்திர அவதாரம் என்று சொல்லலாம். காய்ந்த காற்றில் அது நன்றாக வேலை செய்யும். சென்னையின் பிசுபிசுப்பில் எடுபடாது. ஆனால் அதற்குத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர்! பாலைவன வீட்டின் எல்லாக் கதையும் கடைசியில் அங்கே வந்துதான் முடிகிறது.

லாரி வராத காலை

பீனிக்ஸ் பக்கத்தில் ஸ்காட்ஸ்டேல் என்று செல்வந்தர்களின் நகரம் ஒன்று இருக்கிறது. அங்கே வீடு கட்ட எத்தனையோ கட்டுப்பாடுகள். மனையில் சாகுவாரோ என்னும் ராட்சசக் கள்ளிச் செடி இருந்தால் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. அந்தச் செடிக்கு முதல் கிளை விடவே ஐம்பது, எழுபத்தைந்து வருஷம் ஆகும். சட்டம் அதற்குக் காவல் நிற்கிறது. பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டுமானாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். காய்ந்து கிடக்கும் ஓடையை அடைத்துக் கட்டினாலோ, ஒரே ஒரு மழைக்காலச் சாயங்காலத்தில் வெள்ளம் வரவேற்பறைக்கு வந்துவிடும்.

அந்த நகரத்தின் எல்லைக்கு வெளியே ரியோ வெர்டே புட்ஹில்ஸ் என்ற குடியிருப்பு. மலைக் காட்சி, விசாலமான மனை, குதிரை லாயம், ஒரு மில்லியன் டாலர் வரையிலும் அதற்கு மேலும் விலையுள்ள வீடுகள். அரிசோனாவில் 1980-ல் ஒரு நல்ல சட்டம் வந்திருந்தது. பெரிய நகரங்களைச் சுற்றி ஆறு மனைக்கு மேற்பட்டோ ஆறாகவோ பிரித்து விற்கிறவர், நூறு வருஷத்துக்குத் தண்ணீர் உண்டு என்று நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் ஐந்து மனை விற்றால்? கேள்வி இல்லை! நிலத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் பிரித்து விற்றார்கள். வாங்கியவர்களில் ஐந்நூறுக்கும் அதிகமான வீட்டுக்காரர்களுக்குக் கிணறும் இல்லை, குழாயும் இல்லை. தோட்டத்தில் பெரிய தொட்டி. ஸ்காட்ஸ்டேல் நகரக் குழாயில் பிடித்து லாரி கொண்டு வந்து ஊற்றும் தண்ணீர். இதைப் படிக்கும்போது சென்னை வாசகிகள் சிரித்துக் கொள்வார்கள் என்று தெரியும். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்றது நினைவில்லாமல் போகுமா?

கொலராடோ நதி வற்றிக் கொண்டே போயிற்று. 'எங்கள் ஊராருக்கே போதாது; வெளியாருக்கு இனி இல்லை' என்று ஸ்காட்ஸ்டேல் நகரசபை முன்கூட்டியே எச்சரித்தது. யாரும் அவ்வளவாக நம்பவில்லை போலிருக்கிறது. 2023 ஜனவரி 1-ந் தேதி நிறுத்தியே விட்டது. லாரிகள் தூரத்து ஊர்களிலிருந்து தண்ணீர் கொண்டு வர, கட்டணம் மடங்கு மடங்காக ஏறிற்று. பளிங்கு மேடை போட்ட சமையலறைகளில் காகிதத் தட்டில் சாப்பாடு! மழை பெய்த அன்று கூரையிலிருந்து வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றினார்கள். துணி துவைக்கச் சிநேகிதர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷம் ஜூனில் மாநிலச் சட்டசபை தனியாக ஒரு சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று. அக்டோபரில்தான் நகரத்தின் வழியாக மறுபடியும் தண்ணீர் கிடைக்கத் தொடங்கிற்று. அதுவும் 2025 முடியும் வரை என்று தவணை வைத்த ஏற்பாடு.

அந்தப் பகுதியில் மழை இல்லவே இல்லை என்பதும் சரியல்ல. டூசான் நகரத்தில் வருஷத்துக்குச் சுமார் பதினோரு அங்குலம் பெய்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இடியும் மின்னலுமாக அவர்களுக்கும் ஒரு பருவமழை உண்டு. 2008-ல் அந்த நகரம் ஒரு விதி செய்தது: புதிதாகக் கட்டும் வியாபாரக் கட்டடங்கள், செடி கொடிகளுக்கு வேண்டிய தண்ணீரில் பாதியை மழையிலிருந்தே பிடித்துக் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் அந்த மாதிரி விதி அதுதான் முதல். தமிழ்நாட்டில் 2003-லேயே வீடுகள் உட்பட எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டோம் என்று இந்த ஒரு விஷயத்திலாவது நாம் மார்தட்டிக் கொள்ளலாம். உங்கள் வீட்டுக் குழியில் குப்பை அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.

பந்தல் போட்ட அம்மாள்

அந்த டூசானிலேயே வளர்ந்தவர் ஜூடித் சேபி. 1932-ல் பிறந்தவர். மண் சுவர் வீட்டில் விளையாடிய பெண். யேல் சர்வகலாசாலையில் கட்டடக் கலை படித்து 1960-ல் பட்டம் வாங்கியபோது, அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். கிராபியஸ், சாரினன் போன்ற பெரியவர்களின் அலுவலகங்களில் வேலை பார்த்தார். கிழக்குக் கரையில் பேரும் புகழும் வரத் தொடங்கிய சமயத்தில், 'போதும்' என்று சொந்தப் பாலைவனத்துக்கே திரும்பி வந்துவிட்டார். சிமெண்ட் புழுதியில் நின்று மேஸ்திரிகளோடு பேசுகிற வேலைக்குப் பெண் எதற்கு என்று கேட்ட காலம் அது.

1975-ல் அவர் கட்டிய ஒரு வீட்டுக்கு ரமாடா வீடு என்று பெயர். ரமாடா என்றால் வேறொன்றும் இல்லை, நம்முடைய பந்தல்தான்! அந்த நாட்டுப் பூர்வகுடிகள் நாலு கம்பம் நட்டு, மேலே கள்ளியின் காய்ந்த நரம்புகளையும் சுள்ளிகளையும் பரப்பி, அதன் கீழே உட்கார்ந்து சமைப்பார்கள், பேசுவார்கள், தூங்குவார்கள். சேபி அம்மாள் வீடு முழுவதற்கும் மேலாக, உயரமான மரக் கம்பங்களின் மேல், மரச் சட்டங்களால் ஒரு பெரும் பந்தலைப் போட்டுவிட்டார். கீழே கனத்த சுவர் வைத்த வீடு. வீட்டுக் கூரைக்கும் பந்தலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. கோடையில் மிக அதிகமாக வெயில் வாங்குவது சுவர் அல்ல, கூரை. அந்தக் கூரைக்கே குடை பிடித்தாகிவிட்டது! சூடேறிய காற்று இடைவெளி வழியே ஓடிவிடுகிறது. சட்டங்களின் நிழல் வெள்ளைச் சுவரில் கோடு கோடாக விழுந்து, மணிக்கு மணி நகர்ந்து கொண்டே போகும். நம் ஊர் மொட்டை மாடியில் சித்திரை மாதம் கீற்றுக் கொட்டகை போடுகிறவர்களுக்கு இந்த ரகசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1983-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் அவரைத் தன் மதிப்புக்குரிய உறுப்பினராக்கிற்று. அரிசோனாவிலிருந்து அந்தக் கௌரவம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆனாலும் அவருக்கு ஒரு துயரம் காத்திருந்தது. டூசான் மலைப் பகுதியில் பிளாக்வெல் வீடு என்று ஒன்றைக் கட்டியிருந்தார். வெயிலையும் காற்றையுமே துணையாகக் கொண்டு இயங்கும்படி, மலைச் சரிவோடு ஒட்டிக் கட்டிய வீடு. பக்கத்தில் பொதுப் பூங்காக் காடு. 'இயற்கைக் காட்சியைக் கெடுக்கிறது' என்று ஒரு கட்சி. 'இது கலைப் பொக்கிஷம்' என்று இன்னொரு கட்சி. உள்ளூர் நிர்வாகம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கிப் பூட்டிப் போட்டது. பூட்டிய வீட்டுக்கு என்ன கதி வரும்? கண்ணாடிகள் உடைந்தன, சுவர்களில் கிறுக்கினார்கள். வருஷக் கணக்கில் வாதாடிய பிறகு, 1998-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். அது இருபது வருஷம் கூட நிற்கவில்லை. அதே 1998 நவம்பரில் ஜூடித் சேபியும் காலமானார்.

பாம் ஸ்பிரிங்ஸின் காப்மன் மாளிகைக்கு வேறு ஜாதகம். 1955-ல் காப்மன் இறந்த பின் பல கை மாறி, அறைகள் கூட்டப்பட்டு, அடையாளம் தெரியாமல் போயிருந்தது. 1990-களில் அதை வாங்கியவர்கள், நியூட்ரா வைத்த அதே கல் வேண்டும் என்று யூட்டாவில் மூடிக் கிடந்த கல் சுரங்கத்தையே திறக்கச் செய்து, ஷுல்மன் எடுத்த பழைய படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழையபடி ஆக்கினார்கள். 2022-ல் 13 மில்லியன் டாலருக்கு விற்றது.

ரமாடா வீடு 2006-ல் அமெரிக்க தேசியச் சரித்திரச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. பந்தலும் வீடுமாக அது டூசானில் நிற்கிறது.